அறுபத்து நான்கு கட்டைவிரல்கள்

அத்தியாயம் 6

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. திறக்க முடியாது என்றும் சொல்லவில்லை. தகரக் கூரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வெயிலில் நிற்கும் மூன்று பேரையும் டி.வி. பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி இரண்டரை. முத்தையாபுரத்துக்குத் தெற்கே, நீலத்திரை உப்புக் கம்பெனியின் வாசல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாத்திகள், பாத்தி நிறைய வெள்ளை. மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று கீழேயிருந்தும் அடித்தது.

"அக்கா, இன்னும் பத்து நிமிஷம் இங்கனயே நின்னோம்னா நம்மளையும் மூட்டை கட்டி லாரியில ஏத்திருவானுவ," என்றான் மெல்வின்.

ஜெனிலா வாட்ச்மேனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் இருபத்தோரு வருஷம் தூத்துக்குடி கோர்ட்டில் உட்கார்ந்து, சாட்சிகள் சொன்ன பொய்யையெல்லாம் டைப் அடித்தவள். பொய் வாயை விட்டு வருமுன்பே அவள் விரல் துடிக்கும் என்று மெல்வின் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். அவன் பெரியதாழைக்காரன். நாற்பது வயதுக்குள் கப்பல் ஏஜென்சி, ஐஸ் பேக்டரி, இன்ஷூரன்ஸ் என்று ஐந்து வேலை பார்த்து, ஐந்திலும் வாயாலேயே கெட்டவன். ஜெனிலாவிடம் மட்டும்தான் அந்த வாய்க்குச் சம்பளம் கிடைத்தது.

மூன்றாவது ஆள் சுடலைமாடத்தி. ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாக இந்த உப்பளத்தில் உப்பு வாருகிறவள். மூன்று மணிக்கு அவளுக்கு விசாரணை. விசாரணை என்பது மரியாதைக்கு வைத்த பெயர்தான். அவளை வேலையை விட்டு நீக்குகிற உத்தரவு ஏற்கெனவே டைப் ஆகி, தேதி மட்டும் போடாமல் காத்திருக்கிறது என்று ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"கடைசியா ஒரு தடவை கேக்கேன். நீங்க கைநாட்டு வைக்கலைல்லா?" என்றாள் ஜெனிலா.

"வைக்கல மேடம். எத்தனை தடவை கேட்டாலும் வைக்கல."

விஷயம் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்பு இந்த அளத்தில் வேலை பார்த்த மாரிச்செல்வத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன். கையில் காசில்லை. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஆபீசுக்குப் போய், எங்கள் சம்பளத்தில் மாசம் இருபது ரூபாய் பிடித்து அவனுக்குக் கொடுங்கள் என்று அவர்களாகவே சொன்னார்கள். மாரிச்செல்வம் பிழைத்தான். பிடித்தம் நிற்கவில்லை. அவனுக்குப் பிறகு படுத்தவர்களுக்கெல்லாம் அந்த இருபது ரூபாய்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

இந்த ஜனவரியில் இருபது இருநூறு ஆனது. சம்பளச் சீட்டில் 'அறக்கட்டளை நன்கொடை' என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. அந்த நன்கொடையில் யாருக்கும் ஒரு மாத்திரைகூட வாங்கித் தரவில்லை. மெயின் ரோட்டில் சலவைக்கல்லில் ஒரு அலங்கார வளைவு எழும்பியது. அதில் முதலாளியின் தகப்பனார் பெயர், கீழே வள்ளல் என்று பட்டம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை.

அறுபத்து நான்கு பேரில் சுடலைமாடத்தி ஒருத்திதான் லேபர் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். கம்பெனி உடனே அறுபத்து நான்கு சம்மதப் படிவங்களை எடுத்து நீட்டியது. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் ரேகை. அவள் பெயரிலும் ஒன்று. ஆக அவள் பொய்க்காரி. கம்பெனி பெயரைக் கெடுத்தவள். வேலையும் கிடையாது, பத்தொன்பது வருஷத்துக் கிராஜுவிட்டியும் கிடையாது.

"மத்தவங்க ஏன் வாயைத் திறக்கல?" என்றான் மெல்வின்.

"என்னை இந்த வெயில்ல நிறுத்தி வச்சிருக்காவல்லா. அதைப் பாத்துக்கிட்டேதான அவ்வளவு பேரும் வேலை பாக்காவ. எவன் திறப்பான்?"

உள்ளேயிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வேகமாக வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வந்த வேகத்தில் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, பொம்பளைய வெயில்ல நிறுத்தி வச்சிட்டு நிழல்ல உக்காந்திருக்கியே, உனக்கு வெக்கமா இல்லை? தொறலே."

கேட் திறந்தது. "இதுதான் எங்க மாரி," என்று சுடலைமாடத்தி பெருமையோடு சொன்னாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் பாத்தியில இறங்கக் கூடாதுன்னுட்டாவ. சங்கச் செயலாளரா ஆக்கினோம். எனக்காக விசாரணையில பேசப் போறது இவன்தான்."

"நான் இருக்கேன்ல்லா யக்கா. வாங்க மேடம்," என்றார் மாரிச்செல்வம்.

இந்தக் கம்பெனிக்குள் மனித முகம் ஒன்று இருக்கிறது என்று மெல்வினுக்கு நிம்மதியாக இருந்தது. கேட்டை ஒட்டிச் சுவரில் சாக்குப் போட்டு மூடிய ஒரு பெட்டி தொங்கியது. விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின்.

"இது என்ன, முக்காடு போட்டிருக்கு?"

"ரிப்பேரு," என்றார் வாட்ச்மேன், அவனைப் பார்க்காமலே.

ஆபீஸ் வாசலில் கண்ணாடிக் கதவு. மெல்வின் தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. மாரிச்செல்வம் முன்னால் வந்து பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் கட்டைவிரலை வைத்தார். 'தேங்க் யூ' என்றது ஒரு பெண் குரல். கதவு திறந்து ஏ.சி. காற்று முகத்தில் அடித்தது.

"இந்தக் கம்பெனியில நம்மளை மரியாதையா நடத்தின முதல் ஆளு இந்தக் கதவுதான்க்கா," என்று மெல்வின் ஜெனிலாவின் காதில் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. கதவையே ஒரு விநாடி பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் மனிதவள மேலாளர் ஹென்றி. இன்னொருவர் லிங்கராஜ், வக்கீல், கம்பெனி காசு கொடுத்து அமர்த்திய விசாரணை அதிகாரி. இருவர் முன்னாலும் தண்ணீர் பாட்டில். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. அதில் மாரிச்செல்வம் சுடலைமாடத்தியை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"இவங்க யாரு?" என்றார் ஹென்றி.

"சாட்சி," என்றாள் ஜெனிலா.

"எதுக்குச் சாட்சி?"

"இனிமே நடக்கப் போறதுக்கு."

லிங்கராஜ் முகத்தைச் சுளித்தார். ஆனால் சாட்சிப் பட்டியலில் பெயர் இருந்தது. மாரிச்செல்வம் எழுதிக் கொடுத்த பட்டியல்தான். சுடலைமாடத்தி அடம்பிடித்து ஜெனிலாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருந்தாள்.

ஹென்றி ஜெனிலாவை ஏற இறங்கப் பார்த்தார். "நாசரேத்தா நீங்க? பேரைப் பாத்தா நம்ம ஊரு மாதிரி தெரியுது. எந்தத் தெரு?"

"தெருவைச் சொல்லிச் சொந்தம் கொண்டாட வரல சார். படிவத்தை எடுங்க."

அவர் முகத்திலிருந்த கொஞ்சநஞ்ச இளிப்பும் போயிற்று. டேக் போட்டுக் கட்டிய காகிதக் கட்டு ஒன்றை மேசையில் எறிந்தார். "அறுபத்து நாலு. எண்ணிக்கோங்க. போட்டோ எடுக்கக் கூடாது."

ஜெனிலா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். மெல்வின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். ஊதா மையில் ஒவ்வொரு தாளிலும் ஒரு கட்டைவிரல். ஒவ்வொரு வரியும் எண்ணி எடுக்கலாம் போல அத்தனை தெளிவு.

"இதுல பாதிப் பேரு கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்கல்லா சார்?" என்றான் மெல்வின். "நன்கொடைன்னதும் மறந்து போச்சோ?"

"ரேகை வேணும்னு படிவத்துலயே அச்சடிச்சிருக்கு. படிக்கத் தெரியும்ல உனக்கு?"

"தெரியும் சார். அதுதான் என் வியாதியே."

"யோவ், வெளிய போ," என்றார் ஹென்றி.

"போயிருவோம் சார்," என்றாள் ஜெனிலா, இன்னும் படிவத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு முன்னாடி, விசாரணைக்கு இந்தம்மா வந்ததுக்கு அத்தாட்சி வாங்கிக்கிடுங்க. நாளைக்கு வரவே இல்லைன்னு எழுதிரக் கூடாது பாருங்க."

லிங்கராஜுக்கும் அது சரியென்று பட்டது. வருகைத் தாளையும் மைப்பெட்டியையும் நகர்த்தினார். கையெழுத்துப் போடத் தெரியாத சுடலைமாடத்தி கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள்.

லிங்கராஜ் தாளைப் பார்த்தார். "ஒழுங்கா வையும்மா. இழுவாத."

அவள் மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை லிங்கராஜே அவள் விரலைப் பிடித்து, மையில் உருட்டி, தாளில் அழுத்தினார். மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. ஊதா நிறத்தில் மூன்று பொட்டு. கோடு ஒன்றுகூட இல்லை.

"வேணும்னே நடிக்குது," என்றார் ஹென்றி.

"என்னத்த நடிக்கேன்? எங்க யாருக்குமே விழாது சார். உப்பு தின்னுருச்சு. ரேஷன் கடையில எம் மவன் விரலை வச்சுத்தான் அரிசி வாங்குதேன். ஆறு வருஷத்துக்கு முன்ன கேட்டுல மிஷினு வாங்கி வச்சீங்களே, மூணு நாளு அறுபத்து நாலு பேரும் மாத்தி மாத்தி அமுக்கினோம். ஒருத்தரைக்கூட அது சேத்துக்கிடல. சாக்கைப் போட்டு மூடிட்டு, எங்களுக்கு மட்டும் நோட்டு வச்சீங்க. மறந்து போச்சா?"

ஜெனிலா மெதுவாக நிமிர்ந்தாள். "இதை ஏம்மா என்கிட்ட முதல்லயே சொல்லல?"

சுடலைமாடத்தி அவளை வேடிக்கையாகப் பார்த்தாள். "இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு மேடம்? வேலை செய்யுத கைன்னா இப்படித்தான இருக்கும்?"

மெல்வினுக்கு உச்சந்தலையில் யாரோ தட்டினாற்போல இருந்தது. இந்தப் பெண் நான்கு நாளாக ஜெனிலாவின் ஆபீசுக்கு வந்து அழுதிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், சத்தியம் செய்திருக்கிறாள். வழக்கை ஒரே நிமிஷத்தில் முடிக்கிற சாட்சியை விரல் நுனியிலேயே வைத்துக்கொண்டு, எல்லார் கையும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

"வக்கீல் சார்," என்றாள் ஜெனிலா. "விரல்ல ரேகையே இல்லாதவங்க அறுபத்து நாலு பேரு. படிவத்துல ரேகை அறுபத்து நாலு. யாரு வச்சது?"

லிங்கராஜ் பேனாவை மூடி வைத்தார்.

மாரிச்செல்வம் மேசையை ஓங்கித் தட்டினார். "போர்ஜரி. நான் அப்பவே நினைச்சேன். உப்பளத்துக்காரன் விரல்ல ரேகை இருக்காதுன்னு ஊருக்கே தெரியும். குளுகுளுன்னு ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு எங்க பேருல விரலு வச்சிருக்கீங்களே சார், நாங்க என்ன ஆடா மாடா? நாளைக்கே அளத்தை நிறுத்துதேன் பாருங்க."

மெல்வினுக்குக் கை தட்டலாம் போல இருந்தது. ஹென்றியின் முகம் வெளுத்துப்போயிற்று. ஆனால் அவர் ஜெனிலாவையும் பார்க்கவில்லை, வக்கீலையும் பார்க்கவில்லை. மாரிச்செல்வத்தையே பார்த்தார். வாங்கிக் கொடுத்த எலும்பைத் தின்றுவிட்டுத் தன்னையே கடிக்க வந்த நாயைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அது ஏன் என்று மெல்வினுக்கு அப்போது விளங்கவில்லை.

ஜெனிலா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அப்ப முடிஞ்சுது. நேரா லேபர் ஆபீஸ்தான். வாங்கம்மா. அண்ணாச்சி, கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்க."

ஜெயித்த மிதப்பில் மாரிச்செல்வம் நாலு எட்டில் கதவருகே போனார். உள்பக்கமும் அதே பெட்டி. விரலை வைத்தார்.

'தேங்க் யூ.'

கதவு திறந்தது. யாரும் வெளியே போகவில்லை. ஜெனிலா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அண்ணாச்சிக்கு என்ன வேலை இங்க?"

"அளத்து வேலைதான் மேடம். நோட்டைப் பாருங்க, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்."

"அளத்துக்காரன் விரல்ல ரேகை இருக்காதுன்னு இப்பதான் மேசையைத் தட்டிச் சொன்னீங்க. கதவு எப்படி உங்களுக்குத் திறந்துச்சு?"

மாரிச்செல்வத்தின் கை பெட்டியின் மேலேயே இருந்தது. அவர் அதை மெல்ல எடுத்துச் சட்டைப் பையருகே கொண்டுபோனார். கண்ணாடிக் கதவு தானாகவே மறுபடி மூடிக்கொண்டது.

"கேட்டு மிஷினு அறுபத்து நாலு பேரையும் தள்ளிருச்சு," என்றாள் ஜெனிலா. "அதுல நீங்களும் ஒருத்தர். அப்ப உங்க விரலு ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஓய்வுல இருந்திருக்கும். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா உப்பைத் தொடல. தொடாத விரல்ல தோல் மறுபடி வளரும், ரேகையும் கூட வளரும். அது உங்களுக்கே தெரியாம இருந்திருக்கலாம். ஆனா இந்த ஆபீஸ் கதவுல உங்க விரலைப் பதிஞ்சாங்க பாருங்க, அன்னைக்குத் தெரிஞ்சிருக்கும். சங்கச் செயலாளருக்கு இந்தக் கதவு எதுக்குங்கிறது தனிக் கேள்வி."

மேசைக்குத் திரும்பிப் படிவங்களை விசிறிபோல விரித்தாள். "வக்கீல் சார், எந்தத் தாளை வேணும்னாலும் எடுங்க. விரலுக்குக் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்கும். அறுபத்து நாலு பேருக்கும் ஒரே இடத்துல, ஒரே சாய்வுல."

லிங்கராஜ் மூன்று தாளை எடுத்துப் பார்த்தார். மைப்பெட்டியை மாரிச்செல்வத்தின் பக்கம் தள்ளினார்.

மாரிச்செல்வம் நகரவில்லை.

"வைங்க அண்ணாச்சி," என்றான் மெல்வின். சிரிக்கத்தான் நினைத்தான், குரல் வேறு மாதிரி வந்தது. இவரைப் போய் மனித முகம் என்று நம்பினோமே என்று அவனுக்குத் தன் மேலேயே எரிச்சல். "அறுபத்து நாலுல ஒண்ணாவது ஒரிஜினல்னு ஆகிரும்ல்லா. உங்க சொந்தப் படிவம்."

ஹென்றி எழுந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. படிவத்தைக் கொடுத்தேன், இவன் வாங்கிட்டு வந்து கொடுத்தான். யாரு விரலுன்னு நான் எதுக்குப் பாக்கணும்? அடுத்த மாசத்துல இருந்து வெல்ஃபேர் ஆபீசர்னு ஆர்டர் போட்டுத் தாங்கன்னு என் காலைச் சுத்தினது யாரு? சொல்லுய்யா. நானா உன் வீட்டுக்கு வந்தேன்?"

"சார்..." என்றார் மாரிச்செல்வம்.

சுடலைமாடத்தி மெதுவாக நடந்து அவரிடம் போனாள். அவர் பின்வாங்கக் கதவு விடவில்லை.

"யக்கா, கோவத்துல பேசிராத," என்றார் அவர், அவசரமாக. "என்னால பாத்தியில இறங்க முடியாது. உங்க தயவுல எத்தனை வருஷம் நோட்டுல சும்மா பேரு எழுதிக்கிட்டுக் கெடப்பேன்? எனக்கும் ஒரு நாற்காலி வேணாமா? இருநூறு ரூவாதான, யாரும் பெரிசா எடுத்துக்கிட மாட்டாவன்னு நினைச்சேன். நீ இப்படி எழுதிக் கொடுப்பேன்னு நான் கண்டனா?"

"எழுதிக் கொடுத்தப்புறம் சொல்லியிருக்கலாம்லா."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்காகப் பேசுததுக்கு நீதான வந்த? இங்கன வந்து என்னத்தப் பேசியிருப்ப?"

அவள் அவருடைய வலது கையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலை நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். குறுக்கே அந்தத் தழும்பு. உப்பு வாரும் பலகையின் தகரம் கிழித்தது. அதைச் சுற்றி வளைந்து வளைந்து கோடுகள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்குலே," என்றாள். சத்தம் போடவில்லை. "ஆறு வருஷம் உப்புல கை வைக்காம இருந்தா முளைக்கும் போல. அந்த ஆறு வருஷத்தை உனக்கு யாரு வாங்கித் தந்தா? நாங்கதான் தந்தோம், அறுபத்து மூணு பேரும், மாசம் இருபது ரூவா. உன் விரல்ல ரேகை முளைச்சதே எங்க கூலியிலல்லா. அதை வச்சா எங்க தலையில கையெழுத்துப் போட்ட?"

மாரிச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையை அவள் விட்டாள். விட்ட விதத்தில், இனி ஒருநாளும் அதைத் தொட மாட்டாள் என்று மெல்வினுக்குத் தெரிந்தது.

லிங்கராஜ் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

"சார், எழுத வேண்டாம்," என்றார் ஹென்றி. "பேசித் தீத்துக்கிடுவோம்."

"உங்க படிவத்தைக் காப்பாத்தப்போய் நான் வக்கீல் கோட்டைக் கழட்டணுமா? பேசாம உக்காருங்க." அவருக்கும் இரக்கம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரம்தான். எழுதியதை அவரே படித்தார். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை, சுடலைமாடத்தி பணியில் தொடர்கிறார், படிவங்கள் அறுபத்து நான்கும் லேபர் ஆபீசுக்கு அனுப்பப்பட வேண்டும்.

"கீழ கைநாட்டு வையும்மா."

அவள் வைத்தாள். ஊதாப் பொட்டு ஒன்று. இந்தத் தடவை ஒழுங்காக வைக்கச் சொல்லி யாரும் அதட்டவில்லை.

ஜெனிலா தாளின் நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். மூன்று பேரும் கதவருகே வந்தார்கள். கதவு மூடியிருந்தது. ஹென்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெல்வின் அந்தப் பெட்டியைப் பார்த்தான்.

"தொறலே," என்றாள் சுடலைமாடத்தி. "எங்க விரலுக்கு அது திறக்காது."

மாரிச்செல்வம் நிமிராமலே கையை நீட்டி விரலை வைத்தார்.

'தேங்க் யூ' என்றது கதவு.

சுடலைமாடத்தி அந்தப் பெட்டியை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"உனக்காவது சொல்லத் தெரியுதே," என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கினாள்.